சான் பெட்ரோ ஆத்துக்கு நம்மளால என்ன பண்ண முடியும்? அரிசோனால இருக்கறவங்களுக்கு ஒரு கைடு

சான் பெட்ரோவ மொத தடவ பாக்கறவங்க முக்காவாசி பேர் "இதுவா ஆறு"ன்னு தான் கேக்கறாங்க. நெறைய எடத்துல ஒரே தாவுல தாண்டிடலாம், ஜூன்ல போனா மைல் கணக்குல வெறும் மணலா கெடக்கும். ஆனா சுத்தி முள்ளும் பொட்டக்காடுமா இருக்கற பாலைவனத்துக்கு நடுவுல அந்த ஒரு கோடு மட்டும் பச்சையா, ஆறேழு மாடி ஒசரத்துக்கு காட்டன்வுட் மரமும் வில்லோ மரமுமா வடக்க போய்ட்டே இருக்கும், மெக்சிகோல கனனேயா பக்கம் ஆரம்பிச்சு அரிசோனாவுக்குள்ள வந்து வின்கல்மன் கிட்ட ஹீலா ஆத்துல சேர்ற வரைக்கும் சுமார் 225 கிலோமீட்டர், மெயின் ஆத்துல ஒரு அணை கூட கிடையாது. அமெரிக்க தென்மேற்குல அணை கட்டாம மிஞ்சி இருக்கற ஆறுங்கள விரல் விட்டு எண்ணிடலாம். மத்திய அமெரிக்கா, மெக்சிகோல இருந்து வடக்க போற லட்சக்கணக்கான பறவைங்களுக்கு இந்த பச்சைக் கோடு தான் ரோடு, தங்கற எடம், சாப்பாடு எல்லாம்.

ஃபீனிக்ஸ், சேண்ட்லர், டூசான் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க நெறைய பேர் இதுக்கு எதாவது செய்யணும்னு ஆசப்படறீங்க, ஆனா "எங்க ஆரம்பிக்கறது, நான் விசால இருக்கேன், ஓட்டு கூட கிடையாதே"ன்னு கேக்கறீங்க. ஓட்டு இல்லாமலே செய்யக்கூடிய வேலை எக்கச்சக்கமா இருக்கு, சொல்லப்போனா இந்த ஆத்துக்கு ரொம்ப பிரயோஜனமான வேலைங்க அதுல தான் வருது.

மொதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்குங்க

இத விட்டுட்டு நேரா கோஷம் போட போகாதீங்க. மழைக்காலத்த விட்டுட்டு பாத்தா இந்த ஆத்துல ஓடற தண்ணி நிலத்தடி நீர் தான். வாச்சூக்கா மலை மாதிரி சுத்தி இருக்கற மலைங்கள்ல பெய்யற மழையும் பனியும் மண்ணுக்குள்ள எறங்கி, வருஷக்கணக்குல மெதுவா நகர்ந்து வந்து, ஆத்துப் படுகைல ஊத்தா வெளிய வருது. நடுவுல சியரா விஸ்டா ஊரும், ஃபோர்ட் வாச்சூக்கா ராணுவ தளமும், தனித்தனி வீட்டு கிணறுகளும், விவசாய கிணறுகளும் இருக்கு. கிணத்துல பம்ப் பண்ணா அன்னைக்கே ஆறு கொறையாது, பம்ப் பண்ண எடத்துல நிலத்தடி நீர் மட்டம் எறங்கி விழற பள்ளம் பூமிக்கடியில மெல்ல மெல்ல விரிஞ்சு ஆத்த வந்து தொட பல வருஷம், சில சமயம் பல பத்து வருஷம் கூட ஆகும், அதனால தான் "நாங்க இத்தன வருஷமா பம்ப் பண்றோம் ஆத்துக்கு என்ன ஆச்சு"ன்னு ஒருத்தர் மீட்டிங்ல நல்ல மனசோட கேக்க முடியுது. அவர் பொய் சொல்லல, அவர் எடுத்த தண்ணியோட கணக்கு இன்னும் ஆத்துக்கு வந்து சேரல, அவ்ளோ தான்.

சார்ல்ஸ்டன்னு ஒரு எடத்துல ஜியலாஜிகல் சர்வே வச்சிருக்கற அளவு நிலையம் இருக்கு, 1900கள் ஆரம்பத்துல இருந்து ரெக்கார்டு. 2005 ஜூலைல அங்க ஓட்டம் பூஜ்ஜியம்னு மொத தடவ பதிவாச்சு. அந்த நிலையத்தோட ரீடிங் ஆன்லைன்ல யார் வேணா பாக்கலாம், போன்ல புக்மார்க் பண்ணி வச்சுக்குங்க. வெயில் காலத்துல ஒரு வாரம் தொடர்ந்து பாத்தீங்கன்னா கிராஃப் தெனமும் சாயங்காலம் எறங்கி விடியறதுக்குள்ள ஏறும், பகல்ல மரங்க எல்லாம் தண்ணி குடிக்குது, ராத்திரி நிறுத்துது, அதான் காரணம். இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டீங்கன்னா ஆறும் நிலத்தடி நீரும் ஒண்ணு தான்னு யாருக்கும் வெளக்கிடுவீங்க. அரிசோனா சட்டத்துல பாத்தா ரெண்டும் பெரும்பாலும் வேற வேற, பிரச்சனையோட வேரே அங்க தான் இருக்கு.

இன்னொரு விஷயம், ஃபீனிக்ஸ்ல உக்காந்துட்டு நீங்க ஷவர் நேரத்த கொறச்சா சான் பெட்ரோவுக்கு ஒரு சொட்டு கூட கூடாது, உங்க குழாய்ல வர்றது சால்ட், வெர்டே, கொலராடோ ஆத்து தண்ணி. சிக்கனமா இருங்க, நல்லது தான், ஆனா அதோட கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. சியரா விஸ்டா, பென்சன் பக்கமே வீடு இருந்தா கதை வேற, அங்க நீங்க மிச்சம் பண்ற தண்ணி அதே நிலத்தடி நீர் தான், கூரை தண்ணிய தொட்டில புடிக்கறது, புல் தரைய எடுத்துடறதுக்கெல்லாம் நேரடி அர்த்தம் இருக்கு.

ஜூன் மாச நடை

என்ன கேட்டா எல்லாரும் இதுல இருந்து தான் ஆரம்பிக்கணும். 1999ல இருந்து வருஷா வருஷம் ஜூன் மூணாவது சனிக்கிழமை வாக்குல, நேச்சர் கன்சர்வன்சிங்கற இயற்கை பாதுகாப்பு அமைப்பும், இந்த நிலத்த நிர்வாகம் பண்ற மத்திய அரசு துறையான பிஎல்எம்மும் சேந்து, ஆத்த துண்டு துண்டா பிரிச்சு வாலண்டியர்ங்கள முழுக்க நடக்க விட்டு, எங்க தண்ணி இருக்கு எங்க காஞ்சிருக்குன்னு ஜிபிஎஸ்ல குறிக்கறாங்க. மெக்சிகோ பக்கமும் நடக்கறாங்க. ஜூன் ஏன்னா மழைக்கு முன்னாடி ஆறு ரொம்ப வத்திப் போயிருக்கற நேரம், அப்ப கண்ணுக்கு தெரியற தண்ணி அத்தனையும் நிலத்தடி நீர் தான், போன வாரம் பெஞ்ச மழைன்னு யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

வேலை ரொம்ப சுலபம், ஆனா கவனம் வேணும். ஈரம் ஆரம்பிக்கற எடத்துல ஒரு புள்ளி, முடியற எடத்துல ஒரு புள்ளி. தண்ணி மேல தெரியாம மணல் மட்டும் ஈரமா இருந்தா அது ஈரக் கணக்குல வருமா, ரெண்டு குட்டைக்கு நடுவுல சின்ன இடைவெளி இருந்தா என்ன பண்றதுன்னு கோ-ஆர்டினேட்டர் அன்னைக்கு காலைல சொல்லுவாங்க, அத அப்படியே ஃபாலோ பண்ணுங்க, உங்க யோசனைய அதுல கலக்காதீங்க. இருபது வருஷத்துக்கு மேலான டேட்டாவோட பலமே எல்லாரும் ஒரே மாதிரி குறிச்சது தான்.

தண்ணி முடியற எடம் வந்தா அவசரப்பட்டு புள்ளி வச்சுட்டு நகராதீங்க, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஓட்டம் நின்னு கணுக்கால் ஆழ குட்டையா இருக்கும், அதுல விரல் நீள மீனுங்க நெரிசலா ஒரே மூலைல ஒதுங்கி இருக்கும், அது பெரும்பாலும் லாங்ஃபின் டேஸ். இந்த ஆத்துல ஒரு காலத்துல 13 வகை நாட்டு மீன் இருந்துச்சு, இப்ப ரெண்டே ரெண்டு தான் மிச்சம், அதுல இது ஒண்ணு. குட்டை வத்தினா கூட ஈரப் பாசிக்கு அடியில படுத்து கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கக்கூடிய மீன் இது, அதனால காஞ்ச மாதிரி தெரியற பாசிய காலால எத்தி விடாதீங்க. கரை சேத்துல ராக்கூன் கால் தடம், தேனீங்க, வண்ணத்துப்பூச்சிங்க எல்லாம் இருக்கும், முடிஞ்சா அதையும் நோட் பண்ணுங்க.

கொண்டு போக வேண்டியது: ஒரு ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணியாவது, அகலமான தொப்பி, நனைஞ்சாலும் பரவால்லங்கற ஷூ (செருப்பு வேண்டவே வேண்டாம், பாம்பும் முள்ளும் இருக்கு), உப்பு சேந்த எதாவது தின்பண்டம். விடிய காலைலயே ஆரம்பிச்சுடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் உடம்ப உருக்கிடும். அமெரிக்க குடியுரிமை இல்லாதவங்க பாஸ்போர்ட், ஐ-94 இல்ல கிரீன் கார்டு கண்டிப்பா கைல வச்சிருங்க, எல்லை பக்கம் ரோந்து வண்டி சகஜம், திரும்பி வர்றப்ப 90ஆம் நம்பர் ரோட்ல செக்பாயிண்ட் இருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல, பேப்பர் இருந்தா ரெண்டு நிமிஷம் தான்.

பறவை, பீவர், மாடு

பாத்த பறவை, செடி, பிராணிய பதியற ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் ஆப் ரெண்டும் நம்மள்ல பல பேர் போன்ல ஏற்கனவே இருக்கு. சியரா விஸ்டாவுக்கு கிழக்க சான் பெட்ரோ ஹவுஸ்னு ஒரு பழைய பண்ணை வீடு இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த சான் பெட்ரோ ரிவர் அமைப்பு அங்க புத்தகக் கடை நடத்தறாங்க, அவங்களோட ஒரு பறவை நடைக்கு போய்ட்டு வாங்க, எத எப்படி பதியறதுன்னு பொறுமையா சொல்லித் தருவாங்க.

ஆனா ரெண்டு கட்டுப்பாடு. மேற்கத்திய மஞ்சள் அலகு குயில் 2014ல இருந்து மத்திய அரசோட ஆபத்துப் பட்டியல்ல இருக்கு, தென்மேற்கு வில்லோ ஃப்ளைகேச்சர்ங்கற சின்ன பறவை 1995ல இருந்து இருக்கு. இதுங்கள வரவழைக்க போன்ல கூவற சத்தத்த போடாதீங்க, கூட்ட விட்டு வெளிய வந்தா முட்டையும் குஞ்சும் போச்சு, சர்வேக்கு சத்தம் போடறவங்க அதுக்குன்னு பெர்மிட் வாங்கினவங்க. கூடு பாத்தீங்கன்னா லொக்கேஷன பப்ளிக்கா போடாதீங்க.

பீவர இந்த ஆத்துல 1800கள்ல தோலுக்காக வேட்டையாடி, அப்பறம் சுத்தமா துடைச்சாச்சு, 1999ல இருந்து 2002 வரைக்கும் பிஎல்எம் மறுபடி கொண்டு வந்து விட்டாங்க. பெருகி, அப்பறம் கொறஞ்சு, இப்ப அங்கங்க இருக்கு. டூசான்ல இருக்கற வாட்டர்ஷெட் மேனேஜ்மென்ட் குரூப் வாலண்டியர்ங்கள வச்சு பீவர் சர்வே நடத்தறாங்க. பீவர நேர்ல பாக்கறது அபூர்வம், நீங்க தேட வேண்டியது பென்சில் சீவின மாதிரி சாய்வா கடிச்ச குச்சிங்க, சேறும் கிளையும் வச்சு கட்டின சின்ன அணை, கரைல இழுத்துட்டு போன தடம். கடிச்ச எடம் வெள்ளையா ஈரமா இருந்தா புதுசு, சாம்பல் நிறமா இருந்தா பழசு. அந்த ஒரு வித்தியாசத்த போட்டோல தெளிவா எடுத்தாலே சர்வே பண்றவங்களுக்கு பெரிய ஒதவி.

மாடு தான் கொஞ்சம் தர்மசங்கடமான விஷயம். 1988 நவம்பர்ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு இந்த ஆத்தோட சுமார் 64 கிலோமீட்டர ரிப்பேரியன் (அதாவது ஆத்தங்கரை) நேஷனல் கன்சர்வேஷன் ஏரியான்னு பாதுகாத்துச்சு, அந்த மாதிரி அமெரிக்காவுல அது தான் மொதல் எடம். ஆனா வேலி அறுந்த எடத்துல, வெள்ளம் அடிச்சுட்டு போன எடத்துல மாடுங்க அனுமதி இல்லாம உள்ள வந்து இளம் காட்டன்வுட், வில்லோ கன்ன எல்லாம் மொட்டை அடிச்சுடுது. மரக்கன்னு வளரலன்னா பெரிய மரம் செத்ததுக்கப்பறம் காடே கிடையாது. நீங்க பண்ண வேண்டியது: விரட்டாதீங்க, வேலிய தொடாதீங்க, யாரோடவும் வாக்குவாதம் வேண்டாம். தேதி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, எத்தன மாடு, காது டேக் இல்ல சூட்டுக்குறி தெரியற மாதிரி போட்டோ, மாடு மேஞ்ச மரக்கன்னோட க்ளோசப், அறுந்த வேலி தெரிஞ்சா அதுவும். அன்னைக்கே பிஎல்எம்முக்கு மெயில், காப்பி உங்களுக்கு. பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு அதே மெயில்ல மறுபடி கேளுங்க. பத்து பேர் ஒரு வருஷம் விடாம இப்படி அனுப்பினா அது ஒரு ரெக்கார்டு, கோர்ட் வரைக்கும் நிக்கும்.

2020ல எல்லை சுவர ஆத்துக்கு குறுக்கவே கட்டினாங்க, வெள்ளத்துக்கு தெறக்கற கேட்டோட. அந்த பக்கம் போறவங்க தனியா போகாதீங்க, கேட் தெறந்திருக்கா மூடியிருக்கா, குப்பை அடைச்சிருக்கான்னு தூரத்துல இருந்து போட்டோ எடுத்தா போதும்.

பேப்பர் வேலை, அதாவது நெஜமான போராட்டம்

இங்க தான் பல பேர் கழண்டுக்கறாங்க, ஆனா ஐடில இருக்கற நம்ம ஆளுங்க சூப்பரா பண்ணக்கூடிய எடமே இது தான். பெரிய டாக்குமென்ட்ட படிக்கறது, ஸ்ப்ரெட்ஷீட் போடறது, நம்பர் ஒத்துப் போகலன்னா புடிக்கறது, இத தான தெனமும் பண்றோம்.

மாநில நீர்வளத் துறையோட கிணறு ரெஜிஸ்ட்ரி ஆன்லைன்ல இருக்கு, எந்த எடத்துல எவ்ளோ ஆழத்துல கிணறு, எப்ப தோண்டினாங்கன்னு பாக்கலாம். நிமிஷத்துக்கு 35 கேலன் வரைக்கும் எடுக்கற வீட்டு கிணறுகளுக்கு கட்டுப்பாடு கிட்டத்தட்ட இல்ல, அதனால சின்ன சின்னதா சேந்து எவ்ளோ பெருசாகுதுன்னு மேப் போட்டு காட்டறதே நல்ல வேலை. தகவல் சுதந்திர சட்டத்துல மத்திய அரசு கிட்ட டாக்குமென்ட் கேக்க குடியுரிமை தேவையில்ல, யார் வேணா கேக்கலாம். அதே மாதிரி மத்திய அரசோட எந்த ப்ராஜெக்டுக்கும் பொதுமக்கள் கருத்து கேக்கற காலத்துல விசால இருக்கறவரும் எழுதலாம்.

எழுதறப்ப ரெடிமேட் லெட்டர காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, ஆயிரம் பேர் ஒரே லெட்டர் அனுப்பினா அத ஒரே கருத்தா சேத்து ஒரே பதில் போட்டுடுவாங்க. "ஆறு அழகா இருக்கு, காப்பாத்துங்க"ன்னு எழுதினாலும் "கருத்துக்கு நன்றி" தான். அதுக்கு பதிலா பக்க எண் போட்டு எழுதுங்க: இந்த பக்கத்துல கிணறோட பாதிப்ப 20 வருஷத்துக்கு மட்டும் கணக்கு பண்ணியிருக்கீங்க, ஆனா பாதிப்பு ஆத்துக்கு வந்து சேரவே அத விட அதிகமாகலாம், 100 வருஷத்துக்கு கணக்கு போட்டு காட்டுங்க, ஜூன் நடை மேப்ல இந்த எடம் இத்தன வருஷமா ஈரமா இருந்திருக்கு, அது காயுமான்னு சொல்லுங்க. இப்படி எழுதினா அவங்களால சுலபமா தட்டிக் கழிக்க முடியாது, பதில் சொல்லலன்னா பின்னாடி கேஸ் போடறவங்களுக்கு அதுவே ஆதாரம். நீங்க எழுப்பாத விஷயத்த பின்னாடி கோர்ட்ல எழுப்பறது ரொம்ப கஷ்டம், அதனால கடைசி தேதிய மட்டும் தவற விடாதீங்க.

இதெல்லாம் நடக்குமான்னு கேட்டா, ரெண்டு உதாரணம் சொல்றேன். பென்சன் ஊர் பக்கம் விக்னெட்டோன்னு 28,000 வீடு கட்டற திட்டம். ராணுவ பொறியாளர் பிரிவோட பெர்மிட்ட எதிர்த்து ஆடுபான்ங்கற பறவை பாதுகாப்பு அமைப்புங்க, லோயர் சான் பெட்ரோ வாட்டர்ஷெட் அலையன்ஸ், சென்டர் ஃபார் பயாலஜிக்கல் டைவர்சிட்டி எல்லாம் சேந்து வருஷக்கணக்குல கேஸ் நடத்தினாங்க. மீன் வனவிலங்கு துறைல இருந்து ஓய்வு பெற்ற ஸ்டீவ் ஸ்பாங்கிள்ங்கற அதிகாரி, மேல இருந்து வந்த அழுத்தத்தால தான் தன் முடிவ மாத்த வேண்டி வந்துச்சுன்னு 2019ல வெளிப்படையா சொன்னாரு. அவர் மாத்தறதுக்கு முன்னாடி எழுதின கடிதம் ஃபைல்ல இருந்ததால தான் அந்த பேச்சுக்கு எடை.

ரெண்டாவது சியரா விஸ்டால கிட்டத்தட்ட 7,000 வீடு திட்டம். ஆத்துக்கு மத்திய அரசோட தண்ணி உரிமை 1988 சட்டத்துலயே இருக்கு, ஆனா அது எவ்ளோன்னு யாரும் அளந்து சொல்லல, அதனால வீடுகளுக்கு தண்ணி போதும்னு சர்டிஃபிகேட் குடுக்கறப்ப அத கணக்குல எடுக்க வேண்டியதில்லன்னு 2018ல அரிசோனா சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அந்த திட்டத்த எதிர்த்து கேஸ் போட்ட சுற்றுச்சூழல் ஆர்வலர் ராபின் சில்வர் தோத்தாரு. 1974ல ஆரம்பிச்ச ஹீலா நீர் உரிமை வழக்குல 2023 ஆகஸ்ட்ல தான் கோர்ட் அந்த உரிமைக்கு நம்பர் போட்டு குடுத்துச்சு. அளக்காத வரைக்கும் உரிமை இருந்தும் இல்லாத மாதிரி தான், அதனால தான் ஜூன் நடை, கிணறு மேப், அளவு நிலையம்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன்.

ஓட்டு இருக்கறவங்களுக்கு தனி வேலை ஒண்ணு இருக்கு. 1980 நிலத்தடி நீர் சட்டப்படி ஒரு நிலத்தடி நீர் படுகைல இருக்கற பதிவு பண்ண வாக்காளர்கள்ல 10 சதவீதம் பேர் கையெழுத்து போட்டா, அந்த படுகைய தண்ணி எடுக்கறதுக்கு கட்டுப்பாடு இருக்கற பகுதியா அறிவிக்கலாமான்னு தேர்தல்ல கேக்கலாம். 2022 நவம்பர்ல பக்கத்து டக்ளஸ் படுகைல மக்கள் சரின்னாங்க, அதே நாள் வில்காக்ஸ் படுகைல வேண்டாம்னாங்க. வில்காக்ஸ்ல தோத்ததுக்கு பல காரணம் இருக்கலாம், ஆனா சின்ன கிணறு வச்சிருக்கற குடும்பங்க "என் கிணத்துல மீட்டர் வைப்பாங்களா"ன்னு பயந்தப்ப நேர்ல போய் பதில் சொல்ல போதுமான ஆள் வேணும்ங்கறது என் அபிப்பிராயம்.

மீட்டிங்ல பேசறது, யாரோட சேர்றது

சியரா விஸ்டா, பென்சன் எல்லாம் இருக்கற கோச்சீஸ் கவுன்டியோட மீட்டிங் பிஸ்பீங்கற ஊர்ல நடக்கும். பேசக் கெடைக்கற ரெண்டு மூணு நிமிஷத்துல ஒரே ஒரு விஷயம், ஒரே ஒரு கோரிக்கை. எந்த ஊர்ல இருந்து வர்றீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, பேசி முடிச்சதும் எழுதி வச்சத கிளார்க் கிட்ட குடுங்க, அது பதிவுல ஏறும்.

ராணுவ தளத்தயும் மாட்டுக்காரங்களயும் எதிரியா நெனச்சு போகாதீங்க. ஃபோர்ட் வாச்சூக்கா தண்ணி செலவ 1990கள்ல இருந்ததுக்கு ரொம்பவே கொறச்சிருக்காங்க, சியரா விஸ்டா கழிவு நீர சுத்திகரிச்சு 2002ல இருந்து மறுபடி நிலத்துக்குள்ள விடறாங்க, சில பண்ணை குடும்பங்க நிலத்த வீட்டு மனையா பிரிக்க மாட்டோம்னு எழுதியே குடுத்திருக்காங்க. இதெல்லாம் போதாதுங்கறது உண்மை, ஆனா செஞ்சத ஒத்துக்கிட்டு மிச்சத்த கேட்டா தான் காது குடுப்பாங்க.

அதே மாதிரி டொஹோனோ ஓஓதம், சான் கார்லோஸ் அப்பாச்சி பூர்வகுடி மக்களுக்கு இது முன்னோர் நிலம். சன்சியா மின்பாதை கீழ் சான் பெட்ரோ பள்ளத்தாக்கு வழியா போறத எதிர்த்து அவங்க 2024 ஜனவரில கேஸ் போட்டாங்க. அவங்க கூட்டத்துக்கு போனா மொதல்ல கேளுங்க, பழைய குடியிருப்பு தடயம், ஓடு, கல் எதையும் தொடாதீங்க, போட்டோ போடாதீங்க, அவங்க விஷயத்த அவங்க பேசுவாங்க, நம்ம வேலை கூட நிக்கறது.

ஜூன் நடைக்கு வர்றதா இருந்தா ஏப்ரல் கடைசிலயே கோ-ஆர்டினேட்டருக்கு மெயில் போட்டுடுங்க, மே மாசம் முடியறதுக்குள்ள துண்டு எல்லாம் பிரிச்சுடுவாங்க. மணல்ல எவ்ளோ தூரம் நடக்க முடியும், ஜிபிஎஸ் பழக்கம் இருக்கா, கூட எத்தன பேர்னு எழுதுங்க. தரை ஒசரமான வண்டி உங்க கிட்ட இருந்தா அத மொத வரிலயே சொல்லிடுங்க, ஒவ்வொரு குழுவுக்கும் ஆரம்பத்துல ஒரு வண்டி முடியற எடத்துல ஒரு வண்டின்னு நிறுத்தணும், அந்த வண்டி கெடைக்காம தான் நெறைய திண்டாட்டம்.